வியூகத்துக்குக் கண் தேவையில்லை

இணையவழி விளையாட்டுகளை ஊக்குவிக்கவும் ஒழுங்குபடுத்தவும் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை அது தடைசெய்கிறது. மின்விளையாட்டுப் போட்டிகளையும், பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் உதவும் ஆட்டங்களையும் வளர்க்கச் சொல்கிறது. ஆன்லைன் ரம்மியில் சேமிப்பைத் தொலைத்தவர்களின் தற்கொலைச் செய்திகளைப் படித்துப் படித்து நொந்துபோன தமிழ்நாட்டில், பேச்சு முழுவதும் தடையைச் சுற்றியே நடந்ததில் வியப்பில்லை. இதற்கெனத் தனிச்சட்டமே இயற்றிய மாநிலம் இது. ஆனால், வளர்ப்பது என்கிற மறுபாதியைப் பற்றி அதிகம் பேச்சில்லை. அரசு தன் பெயராலும் பணத்தாலும் ஆட்டங்களை வளர்க்கப்போகிறது என்றால், அவை யார் ஆடுவதற்கான ஆட்டங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.27 லட்சம். இன்றைய கணினி, கைபேசி ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் முதல் திரையைக்கூட இவர்களால் தாண்ட முடியாது. எல்லா ஆட்டத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது என்பது உண்மைதான். வியூக விளையாட்டுகளுக்கு மட்டும் அந்தச் சாக்கு பொருந்தாது. அவற்றில் பார்வையற்றவர்களை வெளியே நிறுத்துவது இயற்கை விதித்த எல்லை அன்று. வடிவமைப்பவர்கள் எடுத்த முடிவு. முடிவு என்றால் அதை மாற்றவும் முடியும்.

வியூக விளையாட்டில் என்னதான் நடக்கிறது? என் கையில் என்னென்ன இருக்கின்றன, எதிராளியிடம் என்ன இருக்கிறது, எது எங்கே நிற்கிறது, அடுத்து எதை நகர்த்தினால் என்ன விளையும் என்பதே கணக்கு. நகரம் கட்டுவது, படை நடத்துவது, விளைச்சலைப் பங்கிடுவது, சீட்டைத் தேர்ந்து இறக்குவது என்று தோற்றம் எதுவாக இருந்தாலும் உள்ளே ஓடுவது தகவலும் அதன் மேல் எடுக்கும் தீர்மானமும்தான். துப்பாக்கி ஆட்டத்தில் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் குறி பார்க்க வேண்டும். அங்கே கண்ணும் கையும் சேர்ந்ததுதான் திறமை. வியூக ஆட்டத்தில் கண் வெறும் தூதன். இன்ன குதிரைப்படை பன்னிரண்டாம் வரிசை ஏழாம் கட்டத்தில் நிற்கிறது, அதன் வலிமை நாற்பது, அது இன்னும் இரண்டு கட்டம் நகரலாம் என்பதெல்லாம் கணினியின் நினைவகத்தில் எண்களாகவும் பெயர்களாகவும் ஏற்கெனவே இருக்கின்றன. புல்வெளியும் குதிரையும் கொடியும் அந்த எண்களுக்குப் போட்ட உடுப்பு. அதே எண்களைச் சொல்லாகவும் ஒலியாகவும் வெளிப்படுத்தக் கணினிக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தெரிந்ததைச் சொல்ல அதற்கு அனுமதி கொடுத்தால் போதும்.

இது வெறும் தர்க்கம் இல்லை என்பதற்குச் சதுரங்கம் சாட்சி. பார்வையற்றோருக்கான சர்வதேசச் சதுரங்கச் சங்கத்தின் போட்டிகள் எழுபது ஆண்டுகளை ஒட்டி நடந்துவருகின்றன. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிநூலிலேயே அவர்களுக்கான பகுதி உண்டு. அதைப் படித்துப் பார்த்தால் எவ்வளவு குறைவாக மாற்றினால் போதும் என்பது புரியும். இருவருக்கும் தனித்தனிப் பலகை. கறுப்புக் கட்டங்கள் சற்றே உயர்ந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, காயின் அடியில் அதில் பொருந்தும் முளை. கறுப்புக் காய்களில் தடவி அறியும் அடையாளம். நகர்த்தலை உரக்கச் சொல்ல வேண்டும். எதிராளி அதைத் திருப்பிச் சொல்லித் தன் பலகையிலும் நகர்த்துவார். ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் காதில் குழம்பும் என்பதால் அன்னா, பெல்லா, சீசர், டேவிட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்ற விதியும் இங்கே உண்டு; ஆனால், காயைத் துளையிலிருந்து எடுத்தால்தான் ‘தொட்டதாக’ ஆகும். தடவிப் பார்ப்பது அவர்களுக்குப் பார்ப்பது என்பதை விதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. யானை நேராகப் போவதும் மந்திரி குறுக்கே போவதும் கடிகாரம் ஓடுவதும் எல்லோருக்கும் போலத்தான். காய்கள் நகரும் விதிகளில் ஒன்றுகூடத் தளர்த்தப்படவில்லை. தகவல் வந்துசேரும் வழி மட்டும் மாறியிருக்கிறது.

அந்த வழி திறந்ததும் என்ன நடந்தது என்பதை இந்தியாவே காட்டியிருக்கிறது. சாருதத்தா ஜாதவ் முன்னின்று உருவாக்கிய பார்வையற்றோருக்கான அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு நாடெங்கும் ஆட்டக்காரர்களைத் தேடி எடுத்தது. சென்னையைச் சேர்ந்த சாய்கிருஷ்ணா, வதோதராவின் தர்பண் இனானி உள்ளிட்ட இளைஞர்களைப் பின்தொடர்ந்து இயான் மெக்டொனால்ட் ‘அல்காரிதம்ஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். அதே தர்பண் இனானி, 2023 அக்டோபரில் ஹாங்சௌவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் தனிநபர் தங்கமும், சௌந்தர்ய குமார் பிரதான், அஷ்வின் மக்வானாவுடன் சேர்ந்து அணித் தங்கமும் வென்றார். சதுரங்க ஒலிம்பியாடுகளில், மேலே சொன்ன சர்வதேசச் சங்கத்தின் அணி, பார்வையுள்ளோரின் நாட்டு அணிகளோடு நேருக்கு நேர் ஆடியிருக்கிறது. இணையத்திலும் அதே கதைதான்: லிசெஸ் என்ற இலவசச் சதுரங்கத் தளத்தில் பார்வையற்றோர் முறை ஒன்று உண்டு. அதை இயக்கிக்கொண்டால் பலகை சொற்களாக மாறும். விசைப்பலகையில் நகர்த்தலைத் தட்டச்சு செய்யலாம். எதிரே ஆடுபவருக்கு, அந்தப் பக்கம் இருப்பவர் பலகையைப் பார்க்கிறாரா கேட்கிறாரா என்பது தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தமிழரின் ஆட்ட மரபும் இதற்குச் சாட்சி சொல்லும். ஒரே நேரத்தில் பல வேலைகளை நினைவில் வைத்துச் செய்துகாட்டும் அவதானக் கலையில், பலகையைப் பாராமல் சதுரங்கம் ஆடுவதும் ஓர் அங்கமாக இருந்தது. அதைச் செய்தவரைப் புலமையின் உச்சியில் வைத்துப் போற்றினார்கள். பல்லாங்குழி இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள், உள்ளே புளியங்கொட்டையோ சோழியோ. எண்ணுவது விரல், ஞாபகம் வைப்பது மனம். பார்வையற்ற ஒருவர் பலகையில் எந்த மாற்றமும் இல்லாமல் உட்கார்ந்து ஆடக்கூடிய வியூக ஆட்டம் அது. அதையே கைபேசிச் செயலியாக்கும்போது என்ன ஆகிறது? குழி மறைந்து வழுவழுப்பான கண்ணாடி மிஞ்சுகிறது, கொட்டை படமாகிவிடுகிறது, எந்தக் குழியில் எத்தனை என்று செயலி வாய்திறந்து சொல்லாவிட்டால், விரல் அறிந்திருந்ததை எல்லாம் விரலிடமிருந்து பறித்ததாகிறது. பார்வையற்றவர்களுக்கு ஆட்டத்தைத் திறந்துவிடுங்கள் என்ற கோரிக்கையைச் சலுகை கேட்பதாக எண்ணுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சில ஆட்டங்களைப் பொறுத்தவரை, அவர்கள் கையில் இருந்ததைத் தொழில்நுட்பம்தான் பிடுங்கிக்கொண்டது. கேட்பது சலுகை இல்லை. பறித்ததைத் திருப்பித் தருவது.

சதுரங்கப் பலகையைத் துளையிட்டுச் செய்யலாம். கணினித் திரையை அப்படிச் செய்ய முடியாதே என்று கேட்கலாம். திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருள்கள் இதற்காகத்தான் வந்தன. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், ஜேமி டே என்ற இரு பார்வையற்ற இளைஞர்கள் 2006-இல் தொடங்கிய என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தமிழ்க் குரலும் உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் உண்டு, ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் உண்டு. இவற்றின் துணையோடு வங்கி வேலை பார்ப்பவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பின் ஏன் ஆட்டங்களில் மட்டும் இவை ஊமையாகின்றன? சாதாரணச் செயலி, பொத்தானையும் எழுத்தையும் இயங்குதளத்திடம் வாங்கி வைக்கிறது; ஆகவே ‘இது பொத்தான், இதன் பெயர் இது’ என்று இயங்குதளத்துக்குத் தெரியும், அதனால் ஸ்க்ரீன் ரீடருக்கும் தெரியும். ஆட்டங்கள் அப்படியில்லை. திரை முழுவதையும் ஒரே படமாகத் தாமே வரைந்துகொள்கின்றன. உள்ளே நூறு பொத்தான்கள் இருந்தாலும் ஸ்க்ரீன் ரீடருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வெற்றுச் சட்டம். இந்தக் குறையும் இப்போது தீர்ந்துவருகிறது. உலகெங்கும் சிறு நிறுவனங்கள் ஆட்டம் உருவாக்கப் பயன்படுத்தும் யூனிட்டி, தன் 2023.2 பதிப்பில் கைபேசி ஸ்க்ரீன் ரீடர்களோடு பேசும் வசதியைச் சேர்த்தது. இலவசக் கருவியான கோடோ, 2025-இல் வந்த 4.5 பதிப்பில் ஸ்க்ரீன் ரீடர் ஆதரவைச் சேர்த்தது. கருவியே இல்லை என்று இனி யாரும் கைவிரிக்க முடியாது.

வியூக ஆட்டங்களிலேயே செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். ஒரு குலத்தின் தலைமையை ஏற்றுப் பயிர், பகை, திருமணம், வழிபாடு என்று ஆண்டுக்கணக்கில் வழிநடத்தும் ஆட்டம் ‘கிங் ஆஃப் டிராகன் பாஸ்’. 1999-இல் கணினிக்கு வந்த அது 2011-இல் ஐஃபோனுக்கு வந்தபோது, வாய்ஸ்ஓவரோடு இயங்கும்படி அமைக்கப்பட்டது. பெருநிறுவனம் இல்லை, சிறு குழு. பார்வையற்றோர் பெரும் ஆர்வத்தோடு அதை ஆடினார்கள். குழு தன் அடுத்த ஆட்டத்திலும் அந்த வழியையே தொடர்ந்தது. ‘சவுண்ட்ஆர்டிஎஸ்’ என்ற இலவச ஆட்டம் இன்னும் துணிச்சலானது: நிகழ்நேரத்தில் படை நடத்தும் ஆட்டத்தை முழுக்க ஒலியாலேயே கட்டியிருக்கிறார்கள். ‘ஹார்த்ஸ்டோன்’ சீட்டாட்டத்துக்கும், தொழிற்சாலை கட்டும் ‘ஃபாக்டோரியோ’வுக்கும் நிறுவனங்கள் செய்யாததை ஆர்வலர்கள் செய்தார்கள், ஆட்டத்தின் உள்ளே இருக்கும் தகவலை எடுத்து ஸ்க்ரீன் ரீடருக்குக் கொடுக்கும் இணைப்புகளை எழுதினார்கள். ஃபாக்டோரியோவின் நிலப்பரப்பு மிகப் பெரியது. வார்ப்பட்டைகள் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும். அதைக்கூடக் கட்டம் கட்டமாக நகர்ந்து கேட்கவும், சுற்றிலும் என்னென்ன எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று வகைவகையாகப் பட்டியல் வாங்கவும் முடிகிறது. அவ்வளவு சிக்கலான வரைபடம் காதுக்குள் அடங்குமானால், நம் கைபேசிகளில் உலவும் எளிய ஆட்டங்கள் அடங்காமல் போக வழியில்லை.

சிரமமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. கண் ஒரே வீச்சில் வரைபடம் முழுவதையும் அள்ளிக்கொள்ளும். காது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வாங்கும். இருபது படைப்பிரிவுகளின் நிலையைப் பார்வையுள்ளவர் ஒரு நொடியில் கவனித்துவிடுவார். அதை வாசித்து முடிக்க ஒரு நிமிடம் பிடிக்கலாம். ஆகவே, திரையில் உள்ள எல்லாவற்றையும் ஒப்பிக்கும் ஆட்டம் நல்ல ஆட்டம் ஆகாது. அது காதை நிரப்பி மூளையை மறைக்கும். நல்ல வடிவமைப்பு, கேட்டதை மட்டும் சொல்லும். ‘எதிரியின் எல்லையை ஒட்டி என் படைகள் எவை’, ‘உணவு எத்தனை முறைக்குப் போதும்’, ‘போன முறைக்குப் பிறகு மாறியது என்ன’ என்று கேட்டால் விடை வர வேண்டும். சுருக்கம் முதலில், விவரம் வேண்டும் என்றால் அடுத்து. இடப்பக்கத்துப் படை இடக் காதில், தொலைவில் இருப்பது குறைந்த ஒலியில். முறைவைத்து ஆடும் ஆட்டங்களில் இது எளிது; நிகழ்நேர ஆட்டங்களில், தனியாக ஆடும்போதாவது நிறுத்திவைக்கவும் வேகம் குறைக்கவும் வழி இருக்க வேண்டும். இவை ஆட்டத்தை வடிவமைப்பவர் மூளையைக் கசக்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால், எந்தத் தகவல் முக்கியம், எது அலங்காரம் என்று ஒருமுறை யோசித்துப் பிரித்தால், பார்வையுள்ளவர்களுக்கான திரையும் தெளிவடைகிறது என்பது இதில் கிடைக்கும் உபரி லாபம். முழுப் பார்வையின்மையைவிடக் குறைந்த பார்வையே அதிகம். எழுத்தைப் பெரிதாக்கவும் நிற வேறுபாட்டைக் கூட்டவும் வழியிருந்தால், கண்புரையோடும் சர்க்கரை நோயோடும் வாழும் முதியவர்களும் உள்ளே வருவார்கள்.

இப்போது மறுப்புகள். எண்ணிக்கை குறைவு, செலவு அதிகம் என்பது முதலாவது. எண்ணிக்கையை மேலே பார்த்தோம்; அது குறைவில்லை. செலவோ, எப்போது செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. வீடு கட்டும்போதே சுவருக்குள் குழாய் பதித்தால் செலவு சொற்பம். பூச்சு முடிந்து குடிபுகுந்த பின் சுவரை உடைத்துப் பதித்தால்தான் கை கடிக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் வைப்பது, எழுத்தைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே வைப்பது, எதையும் விசைப்பலகையாலும் செய்ய விடுவது ஆகியவை முதல் நாளிலேயே செய்துவிடக்கூடிய பழக்கங்கள். 2020-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’, அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது; பார்வையே இல்லாதவர்கள் அதை முழுமையாக ஆடி முடித்தார்கள். அது பெரும்பணத்தில் எடுத்த ஆட்டம் என்பது சரி. ஆனால், அது கண்ணையும் கையையும் நம்பி நடக்கும் சண்டை ஆட்டம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடினமான வகையிலேயே முடிந்தது, எளிதான வகையில் முடியாது என்று சொல்வது எப்படி எடுபடும்?

இரண்டாவது மறுப்பு கனமானது: பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெய்ல் புத்தகம் நேரத்துக்குக் கிடைப்பதில்லை, வேலைவாய்ப்பு இல்லை, நடைபாதை சரியில்லை, இதில் விளையாட்டுக்கு என்ன அவசரம்? தேவைகளை வரிசைப்படுத்துவது நியாயமாகத் தோன்றும். ஆனால், பார்வையுள்ள பிள்ளைகளுக்கு நாம் இந்த வரிசையைப் போடுவதில்லை. கழிப்பறை இல்லாத பள்ளியிலும் விளையாட்டுப் பாடவேளை உண்டு. மாற்றுத்திறனாளி என்றால் பாடமும் பிழைப்பும் மட்டும் போதும், களிப்பு மிகை என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படி எண்ணவில்லை. பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையை அதன் 29-ஆம் பிரிவு பேசுகிறது. நடைமுறைப் பயனும் இருக்கிறது. விசைப்பலகையில் வேகம், பட்டியலுக்குள் வழி தேடுவது, எண்களை மனத்தில் ஓட்டிப் பார்ப்பது, தோற்றால் காரணம் தேடுவது ஆகியவற்றை எந்தப் பயிற்சி வகுப்பையும்விட விரும்பி ஆடும் ஆட்டம் நன்றாகக் கற்றுத்தரும். பள்ளி இடைவேளையில் வகுப்பே ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அதில் கலந்துகொள்ள முடியாத பிள்ளை இழப்பது ஆட்டத்தை மட்டுமில்லை, நட்பையும்தான்.

கடலூர் மாவட்டத்தில் வீராணம் ஏரிக்கரையில் இருக்கும் லால்பேட்டையை வைத்து இதை யோசித்துப் பார்க்கலாம். வெற்றிலைக் கொடிக்காலும் வெளிநாட்டுச் சம்பாத்தியமும் கலந்த ஊர். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் நல்ல கைபேசிக்குப் பஞ்சமில்லை. காதால் கற்று நெஞ்சில் இருத்துவது அவ்வூருக்குப் புதிதும் இல்லை. ஒன்றரை நூற்றாண்டு கடந்த மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியின் ஊர் அது. திருக்குர்ஆனை முழுக்க மனனம் செய்த ஹாபிழ்களின் மரபில் பார்வையற்றவர்களும் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அருகிலுள்ள சிதம்பரத்தின் வேத ஓதலும் ஓதுவார்களின் தேவாரமும் அதே செவிவழிப் பயிற்சியில் வந்தவைதான். இப்படிப்பட்ட வட்டாரத்தில், கேட்டே ஒரு போர்க்களத்தை மனத்தில் வரைந்துகொள்ள முடியுமா என்று ஐயப்படுவது விந்தை. முடியும், தடையாக இருப்பது வேறு. சிற்றூரில் பார்வையற்ற பிள்ளைக்குத் தன் தரத்துக்கு ஈடான ஓர் எதிராளி கிடைப்பது அரிது. துளையிட்ட சதுரங்கப் பலகை உள்ளூர்க் கடையில் கிடைக்காது; பயிற்சியாளரைத் தேடிச் சிதம்பரத்துக்கோ சென்னைக்கோ ஒவ்வொரு வாரமும் துணையோடு போய்வர எல்லாக் குடும்பத்தாலும் ஆகாது. கைபேசி இந்தத் தொலைவை அழிக்கவல்லது. பெருநகரத்துப் பிள்ளைக்கு மாற்று வழிகள் சில உண்டு. லால்பேட்டைப் பிள்ளைக்கு அந்தக் கருவிதான் ஒரே வாசல். அது திறக்காவிட்டால் இழப்பு அங்கேதான் அதிகம்.

மூன்றாவது மறுப்பு போட்டியின் நியாயம் பற்றியது. கணினியே எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னால் பார்வையற்றவருக்கு அது கூடுதல் உதவி ஆகிவிடாதா? எல்லைக்கோடு எளிது: பார்வையுள்ளவர் திரையில் காணக்கூடியதை மட்டுமே ஸ்க்ரீன் ரீடர் சொல்ல வேண்டும். வரைபடத்தில் இருளில் மறைந்துகிடக்கும் எதிரியை அதுவும் சொல்லக் கூடாது. எந்த நகர்த்தல் சிறந்தது என்று யோசனையும் கூறக் கூடாது. சதுரங்க விதிநூல் இதைத்தான் செய்கிறது. அங்கே நகர்த்தலைச் சொல்லும் உதவியாளர் உண்டு, யோசனை சொல்லும் உதவியாளர் இல்லை. பார்வையற்றோர்க்கெனத் தனி ஆட்டங்கள் இருக்கின்றனவே, அவை போதாதா என்பது நான்காவது. ஒலி ஆட்டங்கள் பல மிக நல்லவை, அவை வளரட்டும். ஆனால், தனித் திண்ணை போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் விடாமல் இருப்பது சமத்துவம் ஆகாது. அண்ணன் ஆடும் ஆட்டத்தைத் தம்பியும் ஆட வேண்டும்; துபாயில் இருக்கும் மாமாவோடு ஊரில் இருக்கும் பிள்ளை ஒரே களத்தில் மோத வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, திரையைப் பார்த்து அதுவே வர்ணித்துவிடும், ஆட்டம் செய்பவர்களை ஏன் நெருக்க வேண்டும் என்பது புதிய மறுப்பு. ஒரு நிழற்படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்ல அந்தத் தொழில்நுட்பம் பேருதவிதான். வியூக ஆட்டத்துக்கு அது சுற்றுவழி. ஆட்டத்துக்குள் ‘நான்கு’ என்று துல்லியமாக இருக்கும் எண்ணைப் படமாக வரைந்து, அந்தப் படத்தை இன்னொரு இயந்திரம் பார்த்து, நான்காகத்தான் இருக்கும் என்று ஊகித்துச் சொல்வதில் என்ன பொருள்? ஊகம் ஒருமுறை தவறி மூன்று என்று வந்தால் ஆட்டம் போய்விடும். தோற்றது தன் கணக்காலா, வர்ணனையின் பிழையாலா என்றுகூட ஆடியவருக்குத் தெரியாது. தோல்விக்குத் தானே பொறுப்பு என்ற நம்பிக்கைதான் வியூக ஆட்டத்தின் உயிர். போதாக்குறைக்கு ஒவ்வொரு வர்ணனைக்கும் காத்திருக்க வேண்டும், தரவுக்குச் செலவழிக்க வேண்டும். ஆர்வலர்கள் எழுதும் இணைப்புகளிலும் இதுபோன்ற ஒரு பலவீனம் உண்டு: நிறுவனம் ஆட்டத்தைப் புதுப்பிக்கும்போது இணைப்பு உடையும், யாரோ ஒருவர் தூக்கம் கெட்டு ஊதியமின்றிச் சரிசெய்ய வேண்டும். அவர்களின் உழைப்பு இது முடியும் என்பதை நிரூபித்திருக்கிறது. நிறுவனங்கள் கைகட்டி இருப்பதற்கு அது சமாதானம் ஆகாது.

சட்டமும் இப்போது இந்தப் பக்கம்தான் சாய்கிறது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ம வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. தகவல் தொழில்நுட்பப் பொருள்களின் அணுகல்தன்மைக்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலையும் இருக்கிறது. அமெரிக்காவில் 2010-இல் வந்த தகவல்தொடர்பு அணுகல் சட்டத்திலிருந்து வீடியோ கேம்கள் பெற்றிருந்த விலக்கு 2018 இறுதியோடு முடிந்தது. அதன் பிறகு, ஆட்டத்துக்குள் ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும் வசதியாவது எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பது அங்கே கட்டாயம். முழு ஆட்டத்துக்கும் கட்டாயம் விதிக்க இன்னும் எந்த அவசரமும் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். தனியார் தம் பணத்தில் எடுக்கும் ஆட்டத்தை விட்டுவிடலாம். ஆனால், அரசின் நிதியோ விருதோ அங்கீகாரமோ பெறும் ஆட்டம், பார்வையற்ற குடிமகன் கட்டிய வரியையும் சேர்த்துத்தான் பெறுகிறது. அவரை வெளியே நிறுத்தும் ஆட்டத்துக்கு அவர் பணத்தையே கொடுப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

எனவே கேட்பது அதிகமில்லை. அரசின் ஊக்கத்தை நாடும் ஒவ்வொரு வியூக ஆட்டமும் ஸ்க்ரீன் ரீடரோடு முழுமையாக ஆடத்தக்கதாக இருக்க வேண்டும். அதைச் சோதிப்பவர்கள் பார்வையற்ற ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு அவர்களுக்கு ஊதியம் தர வேண்டும். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: ஆட்டம் பேசுவது தமிழாக இருக்க வேண்டும். குரல் இருந்தும், ஆட்டத்தின் உள்ளே தமிழ் எழுத்து இல்லாவிட்டால் குரலுக்கு வேலையில்லை. தொடங்குவதற்கு நம்மிடமே ஒரு நல்ல ஆட்டம் இருக்கிறது. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றுக்கும் காதில் குழம்பாத ஒரு தமிழ்ப் பெயர் வைத்து, எந்தப் புள்ளியிலிருந்து எங்கெல்லாம் போகலாம் என்று கேட்டவுடன் சொல்லும்படி அமைத்தால், கண் இருப்பவரும் இல்லாதவரும் ஒன்றாக ஆடலாம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டுச் செயல்திட்டமாக எடுத்துச் செய்யக்கூடிய அளவுள்ள வேலைதான் அது. தமிழுக்கான மென்பொருள்களை இலவசமாக வழங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டால், அடுத்து வருபவர்கள் அதன் மேல் பெரிய ஆட்டங்களைக் கட்டுவார்கள்.

சதுரங்கத்துக்குத் தமிழ்நாடு செய்தது கொஞ்சமில்லை. 2022-இல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடை மாமல்லபுரத்தில் நடத்திக்காட்டியது. மூளையால் ஆடும் ஆட்டத்தின் மீது இந்த மண்ணுக்குள்ள பற்று உண்மையானது என்றால், அந்தப் பற்று கண்ணைக் கேட்டு வாசலில் நிறுத்தாது. மின்விளையாட்டுக்கு நிதியும் விதியும் வகுக்கும்போதே இந்த நிபந்தனையைச் சேர்த்தால் அது ஒரு வரிதான். விட்டுவிட்டால், ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஊமையாகவே கட்டி முடிக்கப்பட்ட பிறகு, ஒவ்வொன்றாக உடைத்துச் சரிசெய்யச் சொல்லி நீதிமன்றங்களின் படியேற வேண்டியிருக்கும். அந்தப் படிகளில் ஏற வேண்டியவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும்.